தலைவர் முகத்துக்குப் பின்னால் ஒரு கூலர்

சிவசங்கர் திருச்சியில் லாரி உதிரிச் சாமான் விற்பவன். கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிரவைக்கும் கூலர் ஒன்றுக்கு ஏஜென்சி எடுத்திருந்தான். லாரி உரிமையாளர் சங்கம் சோதித்துப் பார்த்துச் சிபாரிசு செய்தால் ஏஜென்சி அவனிடம் நிலைக்கும். இல்லையென்றால் நாமக்கல்காரர் ஒருவருக்குப் போய்விடும். அவர் கம்பெனிக்கு அடிக்கடி போன் போட்டு நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

சங்கத் தலைவர் சின்னையா சோதனைக்குத் தன் லாரியையே கொடுத்தார். சிமெண்ட் மூட்டைகளோடு பச்சமலை ஏற வேண்டும். போன வாரம் கூலர் இல்லாமல் ஏறியபோது பாதி மலையிலேயே கியர்பாக்ஸ் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. இந்த முறை தொடக் கூடாது.

ஸ்ரீரங்கத்தில் தலைவர் வீட்டு வாசலில் வண்டிக்குப் பூஜை நடந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. பூசணிக்காய் உடைந்தது. பிறகு சங்கத்து ஆட்கள் ஒரு ஃபிளெக்ஸைக் கொண்டுவந்து கண்ணாடிக்குக் கீழே வண்டியின் முகப்பை மூடி இறுக்கிக் கட்டினார்கள். 'மலையை வெல்லப் புறப்பட்ட சிங்கமே' என்ற வரிக்குக் கீழே சின்னையா கைகூப்பிச் சிரித்தார். முகம் கிரில் அகலத்துக்கு இருந்தது. கிரில்லுக்குப் பின்னால்தான் கூலர்.

சிவசங்கர் பக்குவமாக எடுத்துச் சொன்னான். கூலருக்குக் காற்று படவேண்டும், காற்று முன்பக்கமாகத்தான் வரும் என்றான்.

“வரட்டும் தம்பி. நான் என்ன குறுக்கேயா நிக்கிறேன்?” என்றார் சின்னையா.

மண்ணச்சநல்லூர் தாண்டுவதற்குள் கியர்பாக்ஸ் முள் ஏறத் தொடங்கியது. இன்ஜின் முள்ளும் துணைக்குக் கிளம்பியது. நன்றாக இருந்த இன்ஜினையும் கூலர் கெடுத்துவிட்டதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்த சின்னையா, துறையூரில் டீ குடிக்க இறங்கினார். பின்னால் காரில் வந்த சங்கத்தாரும் இறங்கினார்கள்.

சாலையோரம் ஒரு காதுகுத்து ஃபிளெக்ஸ் நின்றது. காற்றில் கிழியாமலிருக்க அங்கங்கே பிறைபிறையாக வெட்டியிருந்தார்கள். தாய்மாமன்களின் கன்னத்திலும் வெட்டு இருந்தது. யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சிவசங்கர் டிரைவர் வசீமிடம் கத்தி கேட்டான்.

கத்தி எங்கே போகிறது என்று பார்த்ததும் வசீம் குரலைத் தாழ்த்தினான். “அண்ணே, வாய்ல மட்டும் வேணாம்.”

“கூலர் அங்கதானப்பா இருக்கு.”

நெற்றியில் ஒன்று, கன்னங்களில் சில, வாயில் பெரிதாக ஒன்று. வெட்டி முடித்து ஏறி உட்கார்ந்துகொண்டான்.

சின்னையா பக்கவாட்டில் வந்து வண்டி ஏறினார். முன்னால் போய்ப் பார்க்கவில்லை. தன் முகம் எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி முனகியது. முட்கள் இரண்டும் இறங்கி அடக்கமாக நின்றன. பாதி மலையில் சின்னையா இந்தக் கூலரைப் பார்த்த அன்றைக்கே தனக்குத் தெரியும் என்றார். உச்சியில் இறங்கும்போது சிவசங்கரின் தோளைத் தட்டினார்.

போட்டோவுக்காக வண்டியின் முன்னால் போனார்.

மலைக் காற்று அடித்தது. ஃபிளெக்ஸில் அவர் வாய் திறந்து மூடியது. கன்னம் உள்ளே போய் வந்தது. சங்கத்தார் எல்லோருக்கும் திடீரென்று பள்ளத்தாக்கின் அழகு பிடித்துப்போனது.

சின்னையா வெகுநேரம் பார்த்தார். ஏறிப்போய் முள்ளையும் பார்த்துவிட்டு வந்தார். சிவசங்கருக்கு நாமக்கல்காரர் போனை எடுப்பது போலிருந்தது.

“கூலர் நல்ல சாமான்தான்,” என்றார் சின்னையா. “சங்கம் சிபாரிசு பண்ணும். எல்லா வண்டிக்கும் மாட்டுங்க. ஆனா முன்னாடி வேணாம்.”

“வேற எங்கங்க?”

“பின்னாடி. நம்பர் பிளேட்டுக்கு மேல எடம் சும்மாதான கெடக்கு.”

அங்கே புழுதிதான் வரும், காற்று வராது. சிவசங்கர் வாயைத் திறந்தான்.

“மாட்டிடலாங்க தலைவரே,” என்றான்.

சின்னையா சங்கத்தாரின் காரில் ஏறி மலை இறங்கினார். லாரி பின்னால் மெல்ல இறங்கியது. பின்பக்கம் வரைக்கும் ஆயில் குழாய் எவ்வளவு நீளம் வேண்டியிருக்கும் என்று சிவசங்கர் யோசித்துக்கொண்டிருந்தான்.

“பின்னாடி காத்து எங்கேண்ணே வரும்?” என்று கேட்டான் வசீம்.

“ரோட்டப் பாத்து ஓட்டு.”