பிளாஸ்டிக் புல்லுக்கு இலை ஆகாது

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. பிறகு யாரும் ஏமாந்துவிட்டோம் என்று சொல்லக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டிருந்தார். “நீங்கதான் இத்தனை வருஷமா இங்கிலாந்துல இருக்கீங்களே சார். வசந்தம் பத்தி மென்மையா ஒண்ணு குடுங்க. தோட்டம், பூ, குருவி. இங்க கொளுத்துற வெயிலுக்கு வாசகனுக்கு இதமா இருக்கும்.”

சரி என்று சொல்லிவிட்டுப் பின்ஜன்னல் பக்கம் திரும்பினேன். அங்கிருந்து பார்த்தால் பின்தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளின் தோட்டங்கள் தெரியும். இடப்பக்கத்துத் தோட்டத்தில் கிளெனிஸ் பியூ, சமையலறை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். வலப்பக்கத்துத் தோட்டத்திலிருந்து மெஷின் சத்தம்.

தொடக்கம் ஒன்று: ‘ஏப்ரலின் இளவெயிலில், இதழ்களின் மேல் பனித்துளிகள் வைரங்களாக…’ [அடித்துவிட்டேன். வைரமாம்.]

தொடக்கம் இரண்டு: ‘மனிதர்கள் பறவைகளை நேசித்து வாழ்ந்த அந்தச் சிற்றூரில்…’ [பொய். பாதியிலேயே நிற்கட்டும்.]

தொடக்கம் மூன்று: வேலியை வெட்டிவிட்டார்கள்.

இதுதான் சரி. ஆனால் வேலி யாருடையது, அதற்குள் என்ன இருந்தது என்று தெரியாமல் உங்களுக்கு எப்படிக் கோபம் வரும்? கொஞ்சம் பின்னால் போகிறேன்.

2

முதல் வரைவில் கிளெனிஸைப் பறவை நிபுணியாக்கியிருந்தேன். கழுத்தில் தொலைநோக்கி எல்லாம் மாட்டிவிட்டேன். அது அவளுக்கு ஒட்டவேயில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். தோட்டத்துக்கு வருகிற பாதிப் பறவைகளின் பெயர் அவளுக்குத் தெரியாது. பழுப்பாகச் சின்னதாக ஒன்று வந்து தரையைக் கொத்தும். அதைச் சிட்டுக்குருவி என்றே நினைத்திருந்தாள். அது வேறு இனம் என்று நான் சொன்னதற்கு, “அது அதுக்குத் தெரியுமா?” என்றாள்.

தெரியாத பறவைகளுக்கு அவளே பெயர் வைத்துக்கொண்டாள். மண்ணைக் கிளறும்போது பக்கத்தில் வந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும் ராபினுக்குப் பெயர் தலைமையாசிரியர். “வந்துட்டாரு பாரு, நான் ஒழுங்கா வேலை செய்யறேனான்னு பாக்க” என்பாள்.

மார்ச் பிறந்துவிட்டால் அவளை வீட்டுக்குள் பிடிக்க முடியாது. டிரெஸ்ஸிங் கவுனோடு, கையில் டீயோடு, பின்வாசல் படியில் உட்கார்ந்துவிடுவாள். பாத்திரம் கழுவுகிற பழைய தொட்டியைத் தரையில் புதைத்து வைத்திருந்தாள். அதில் தவளை முட்டை, ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி மிதக்கும். இடுப்பு பெருத்த தேனீ ஒன்று வீடு தேடி ஒவ்வொரு பொந்தாக எட்டிப் பார்த்துக்கொண்டு போகும். “வாடகை அதிகமா இருக்கும்மா, அடுத்த தெருவுல கேட்டுப் பாரு” என்பாள் அதனிடம். மஞ்சள் பிரிம்ரோஸ் பூச்செடி புல்லுக்கு நடுவில் முளைத்திருந்தால், அந்த இடத்தைச் சுற்றிப் புல்லை வெட்டாமல் விட்டுவிடுவாள். அவள் புல்வெளி அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருக்கும். அவள் சந்தோஷமாக இருந்தாள். [இந்த வாக்கியத்தை நான்கு முறை அழகாக்கப் பார்த்தேன். இப்படியே இருக்கட்டும்.]

3

வலப்பக்கத்து வீடு நெவில் டட்ஜுடையது. எண்பதை நெருங்குகிறவர், தனி ஆள். இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே ஓர் உயிர்வேலி, ஆள் உயரத்துக்கு மேல், கையை விட்டால் முழங்கைவரை உள்ளே போகும் அடர்த்தி. சட்டப்படி அது நெவிலின் நிலத்தில் நின்றது.

இருவரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டுதான் பேசுவார்கள். முகம் தெரியாது, குரல்தான். மார்ச் கடைசியில் ஒரு நாள் கிளெனிஸ் வேலியைப் பார்த்துச் சொன்னாள்:

“நெவில், இருக்கீங்களா? பிளாக்பேர்ட் ஒருத்தி வாய் நிறையச் சேறு எடுத்துக்கிட்டு உள்ள போறா.”*

“நான் மேல பாத்ரூம் ஜன்னல்லேருந்து பாத்துட்டுத்தானே இருக்கேன்! கூடு கட்டறா கிளென். உன் பக்கத்துலேருந்து தெரியாது, என் பக்கத்துலேருந்து அப்படியே தட்டுல வெச்ச மாதிரி தெரியுது.”

“அய்யோ, பொறாமையா இருக்கு.”

“நீ கவலைப்படாத. தினம் நியூஸ் சொல்றேன்.”

சொன்னார். ஷேவிங் சோப்பு முகத்தோடு ஜன்னலைத் திறந்து கத்துவார்: “முட்டை போட்டுட்டா! நாலு! நீலமா இருக்கு!” தெருவுக்கே கேட்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முதுகெலும்பு இதுதான்: நெவிலுக்குத் தெரியும்.

(*பெயர்தான் கறுப்புப் பறவை. பெட்டை பழுப்பு நிறம். ஆண்தான் கறுப்பு, மஞ்சள் அலகு. விடியும் முன்பே ஊரை எழுப்பிப் பாடுகிறவன் அவன்.)

4

நெவிலை வில்லனாக்கி ஒரு வரைவு எழுதினேன். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. காலையில் படித்தபோது வெட்கமாகிவிட்டது.

ஜனவரியில் அவர் ஈரப் புல்லில் வழுக்கி விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முனகல் கேட்டு ஓடிப்போய், அவர் மேல் தன் கோட்டைப் போட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தவள் கிளெனிஸ். இடுப்பில் ஆணி வைத்துத் திரும்பினார் நெவில். அவர் மகள் பெலிண்டா வெளியூரில் இருக்கிறாள். போனில் அழுதாள். அழுகை ஓய்ந்ததும் முடிவெடுத்தாள்: புல்லே வேண்டாம். அப்பாவின் தோட்டம் முழுக்கப் பிளாஸ்டிக் புல். வெட்ட வேண்டாம், வழுக்காது, வருஷம் முழுக்கப் பச்சை.

கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் படும். எனக்கும் பட்டது. அந்த நியாயம் வேலிவரை எப்படி நீண்டது என்பதில்தான் என் ரத்தம் கொதிக்கிறது.

5

வியாழக்கிழமை. வேன் ஒன்று வந்து நின்றது. சுருட்டிய பச்சைப் பாய்களோடு இரண்டு ஆட்கள். முதலில் வேலி வெட்டும் மெஷினை எடுத்தார்கள். கிளெனிஸ் கடையிலிருந்து திரும்பி, பையைத் தரையில் போட்டபோது வேலியின் முக்கால் பாகம் தரையில் கிடந்தது. மிச்சமிருந்த கொத்துக்குள்தான் கூடு.

நாற்காலியைக் கொண்டுபோய், விழுந்த கிளைகளின் மேல் போட்டு, அந்தக் கொத்துக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள்.

“அம்மா, கொஞ்சம் தள்ளுங்க. மெஷின் ஓடுது, பட்டுடும்” என்றான் மூத்த ஆள்.

“படட்டும். இதுக்குள்ள குஞ்சு இருக்கு. நேத்துதான் பொரிச்சிருக்கு. இது சட்டப்படி குத்தம்னு தெரியுமா உனக்கு?”

அவன் மெஷினை அணைத்துவிட்டான். “வேலியில எதுவும் இல்லன்னு சொன்னாங்களேம்மா.”

“யாரு சொன்னது?”

அவன் வீட்டைப் பார்த்தான். நெவில் கைத்தடியோடு வெளியே வந்தார். இருபது வருஷத்தில் இருவரும் தோட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் முழுசாகப் பார்த்தது அநேகமாக அதுதான் இரண்டாம் முறை.

“கிளென், கோவப்படாத. பெலிண்டா புக் பண்ணிட்டா. இதை விட்டா அப்புறம் கோடைக்கு அப்புறம்தான் வருவாங்களாம்.”

“புல்லுல விழுந்தீங்க, சரி. வேலி என்ன பண்ணுச்சு உங்களை?”

“இலை கொட்டுதாம். பிளாஸ்டிக்ல இலை விழுந்தா அழுகி வழுக்குமாம். வேலி இருந்தா கேரண்டி கிடையாதுன்னுட்டாங்க.”

“பிளாஸ்டிக் புல்லுக்கு இலை ஆகாது!” அவள் சிரித்தாள், அழுகிற மாதிரி. “நாலு முட்டைன்னு ஜன்னலைத் திறந்து கத்தினியே நெவில். அந்த வாயாலதான் எதுவும் இல்லன்னு சொன்னியா நீ?”

[ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற பேதம் கிடையாது, இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆனால் அன்று அவள் வாயிலிருந்து வந்தது ஒருமை. அதில் எனக்குச் சந்தேகமேயில்லை. என் ஜன்னல் திறந்துதான் இருந்தது.]

நெவில், “காலையில போன் வந்தப்போ பெலிண்டாகிட்ட…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பாய்களை மட்டும் விரித்துவிட்டுப் போனார்கள். கொத்து தப்பியது.

ஆசிரியருக்கு இங்கேயே முடித்து அனுப்பியிருக்கலாம். நாற்காலியில் ஒரு பெண், பின்னால் ஒரு கூடு. அட்டைப்படமே போடுவார்.

6

ஆனால் சுற்றி வேலி இல்லாத கூடு, கதவில்லாத வீடு. மறுநாள் காலையில் மேக்பை வந்தது, வால் நீண்ட கறுப்பு வெள்ளைக் காக்கை. தாய் கத்திக் கத்திப் பாய்ந்தது. கிளெனிஸ் டிரெஸ்ஸிங் கவுனோடு ஓடிவந்து துடைப்பத்தை வீசினாள். அதற்குள் முடிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தாய்ப்பறவை வாயில் புழுவோடு காலிக் கூட்டுக்கு வந்து நின்றதை அவள் பார்த்தாள். [இதற்குமேல் இதை எழுத மாட்டேன். எழுதினால் உங்களுக்கு அழுகை வரும். அழுதுவிட்டால் கோபம் போய்விடும்.]

கிளெனிஸ் போலீஸுக்கு போன் செய்தாள்.

இந்த மாதிரிப் புகார்களைப் பார்க்கிற போலீஸ்காரி ஒருத்தி வந்தாள். கிளெனிஸின் சமையலறையில் உட்கார்ந்து, நிதானமாகக் கேட்டாள்: “கூடு இருக்கிறது தெரியாம வெட்டியிருந்தா விஷயம் வேற. தெரிஞ்சே வெட்டியிருந்தா வேற. அவருக்குத் தெரியுமா மேடம்?”

‘தெரியாது’ என்று ஒரு சொல் போதும். ஜனவரிச் சேற்றில் அவள் பிடித்திருந்த கை, குளிரில் மரத்துப்போன அந்தக் கை, ஞாபகம் வந்தது. அதோடு ஜன்னலைத் திறந்து அவர் கத்திய குரலும் வந்தது.

“தெரியும்” என்றாள். “எனக்குச் சொன்னதே அவர்தான்.”

வழக்கு இல்லை. எண்பதை நெருங்கும் வயது, முதல் தடவை என்று எச்சரிக்கையோடு விட்டார்கள். பெலிண்டா போனில் கிளெனிஸைக் கிழித்தெடுத்தாள்: “ஒரு பறவைக்காக எங்கப்பாவை போலீஸ்ல மாட்டிவிட்டீங்களே, மனுஷிதானா நீங்க?”

தெருவில் பாதிப் பேர் அதையேதான் கேட்கிறார்கள். ‘வெறும் பறவை.’ இந்த ‘வெறும்’ என்கிற சொல்லைக் கண்டுபிடித்தவனை நான் சந்திக்க வேண்டும்.

7

ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். “நல்லாத்தான் இருக்கு சார், ஆனா இதமா இல்லையே. ரெண்டு பேரையும் சேத்து வெச்சிருங்களேன்.”

முடிவு அ: நெவில் பிளாஸ்டிக்கைச் சுருட்டி எறிந்துவிட்டு, கிளெனிஸோடு சேர்ந்து புதிய செடிகளை… [நடக்கவில்லை. இடுப்பில் ஆணி இருக்கிறது.]

முடிவு ஆ: பறவை மறுபடி கூடு கட்டுகிறது. இது நடந்தது. மே மாதத்தில், கிளெனிஸின் கொட்டகைமேல் படர்ந்த கொடிக்குள், அதே ஜோடியோ வேறு ஜோடியோ. துள்ளிக்கொண்டு போய் அவளிடம் சொன்னேன்: “பாத்தீங்களா, வசந்தம் விடலை!” அவள் என்னை முறைத்தாள்.

“இன்னொண்ணு கட்டுனா முதல்ல போனது சரியாப்போயிடுமா? அதுக்கு வேற வழி இல்ல, அதனால கட்டுது. அதை எடுத்து உன் கதைக்கு மருந்து தடவாத.”

தடவவில்லை.

முடிவு இ: இன்று காலை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பார்க்கிறேன். கிளெனிஸ் படியில் டீயோடு இருக்கிறாள். நெவில் கைத்தடியோடு வெளியே வந்திருக்கிறார். பளீரென்ற பச்சையில், கொஞ்சமும் வழுக்காமல், அது முடிகிற ஓரம்வரை நடந்து வந்துவிட்டார். வேலி போன அந்த இடத்தில் நடுவில் இப்போது எதுவும் இல்லை. முகத்துக்கு முகம். அவர் வாயைத் திறக்கிறார். மன்னிப்பா, மழை வருமா என்ற பேச்சா, என் ஜன்னலுக்குக் கேட்கவில்லை.

கிளெனிஸ் கோப்பையைக் கீழே வைக்கிறாள்.

அவளை எழுந்துபோகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லவும் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். ஆனால் சொல்வதற்கு முன், அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்: அவருக்குத் தெரியுமா, மேடம்?