தங்கக் கலப்பையின் பின்னறைச் சுவர்

பீர் விலை இரண்டாம் தடவையாக ஏறிய அந்த அக்டோபரில், வால்கரோடாவின் 'தங்கக் கலப்பை' விடுதியில், பின்னறையின் தெருப்பக்கச் சுவர் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் போனது. சுவர் எங்கும் போய்விடவில்லை. கை வைத்தால் செங்கல் தட்டுப்பட்டது. அதில் சாய்த்து வைத்த சைக்கிள் விழாமல் நின்றது. நாய்கள் வழக்கம்போல அங்கேயே காலைத் தூக்கின. கண்ணுக்கு மட்டும் அது வழிவிட்டுவிட்டது. உள்ளே இருப்பவர்களுக்கோ எல்லாம் பழையபடிதான்: மஞ்சள் பூப்போட்ட சுவர்த்தாள், மான் கொம்பு, பனிமலைப் படம். ஜெர்மனியின் அந்தக் கிழக்கு மூலையில், சாக்சனியில், அந்த வருஷம் மழை அதிகம், ஈரம் இறங்கியிருக்கும் என்றார் ஊர்க் கொத்தனார். உருளைக்கிழங்கு அழுகியதற்கும் அவர் அதையேதான் சொல்லியிருந்தார்.

விடுதியை நடத்தியவள் ரோஸ்வித்தா க்ளேபர். அடுப்பும் கல்லாவும் அவள் பொறுப்பு. பீர் ஊற்றுவதும் தட்டேந்திப் போவதும் கணவன் இங்கோல்ஃப் வேலை. வியாழக்கிழமை மாலைகளில் பின்னறை 'தாய்மண் பாட்டுக் குழு'வுக்கு வாடகைக்குப் போகும். குழுவின் தலைவர் கெர்னோட் ஹைனிக்கே. ஜன்னலும் கதவும் விற்பவர் என்பதால் கதவை எப்படி மூடவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரும் அவர் ஆட்களும் சட்டத்துக்குப் பயந்தவர்கள். வண்டி வராத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார்கள். காலி பாட்டில்களை நிறம் பார்த்துப் பிரித்துப் போடுவார்கள். ஓய்வு நாளில் சத்தம் கூடாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்கமாட்டார்கள். ஹிட்லர் காலத்துக் கொக்கிச் சிலுவைக் கொடியையும், கையை நீட்டி வைக்கும் வணக்கத்தையும் பொதுவிடத்திலோ கூட்டத்திலோ காட்டினால் குற்றம் என்ற சட்டத்தை, அரசாங்க வக்கீல்களைவிட அவர்கள் நன்றாகப் படித்திருந்தார்கள். ஆகவே கொடி கேக் டப்பாவில் வந்து கேக் டப்பாவில் போகும். கதவைப் பூட்டியதும் ஹைனிக்கே கேட்பார்: "கதவு?" எல்லாரும் சொல்வார்கள்: "பூட்டியாச்சு." "இது கூட்டமா?" "இல்ல, பாட்டு." பிறகு சட்டத்தின் திருப்திக்காக ஒரே ஒரு பாட்டைப் பாதி பாடிவிட்டுக் கொடியைப் பிரிப்பார்கள்.

ரோஸ்வித்தாவுக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்லமுடியாது. தெரியும் என்றும் சொல்லமுடியாது. கதவு திறந்து மூடும் இடுக்கில் ஒரு தடவை உயர்ந்த கைகளைப் பார்த்திருக்கிறாள். பீர் வேண்டுமென்று கை தூக்குகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லி வைத்துக்கொண்டாள். இங்கோல்ஃபிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்பது வியாபாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சுவர் போனதை முதலில் பார்த்தவள் எதிர்த்தாற்போல் தையல்கடை வைத்திருக்கும் துய். கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்த காலத்தில் இங்கே துணி ஆலை வேலைக்கென்று வியட்நாமிலிருந்து வந்தவள். நாடும் போய் ஆலையும் போன பிறகும் அவள் போகவில்லை. அந்த வியாழக்கிழமை அவள் விடுதியின் சமையலறை ஜன்னலைத் தட்டினாள்.

"க்ளேபரம்மா, ஒரு நிமிஷம் வெளிய வாங்க."

"அடுப்புல கறி கொதிக்குது, துய்யம்மா."

"கறி எங்கயும் ஓடாது. சுவரு ஓடிருச்சு, வந்து பாருங்க."

ரோஸ்வித்தா கரண்டியோடு தெருவுக்கு வந்தாள். விளக்கு வெளிச்சத்தில் பின்னறை கண்ணாடிப் பெட்டியில் வைத்த பலகாரம்போல முழுசாகத் தெரிந்தது. கொடி, மான் கொம்பு, வரிசையாக நின்ற ஆண்கள், நீட்டிய கைகள். சத்தம் மட்டும் வரவில்லை. சுவர் அந்த வேலையை ஒழுங்காகவே செய்துகொண்டிருந்தது. இங்கோல்ஃப் ஒவ்வொருவர் முன்னாலும் கோப்பையை வைத்தான். தட்டைப் பியானோமேல் வைத்தான். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவனும் கையைத் தூக்கினான். ரொம்ப உயரமாக அல்ல. கடையில் சட்டை போட்டு அளவு பார்க்கிறவன் தூக்குகிற அளவு. உள்ளே கறி அடிப்பிடித்தது. அவள் நகரவில்லை.

"எத்தனை நாளா இது தெரியுது?"

"சுவரு போனது இன்னைக்கு. எனக்குத் தெரிஞ்சது போன வருஷம். ஹைனிக்கே ஐயா கேக் டப்பாவோட கடைக்கு வந்தாரு. துணி ஓரம் பிரிஞ்சிருக்கு, மடிச்சு அடிச்சுக் குடுங்க, ஆனா பிரிக்காதீங்கன்னாரு. பிரிக்காம எப்படி ஓரம் அடிக்கிறது?"

"அதைத் தைச்சுக் குடுத்தீங்களா?"

"தைச்சேன். ரசீது கேட்டாரு, குடுத்தேன்." துய் கரண்டியைப் பார்த்தாள். "நீங்க வாடகைக்கு ரசீது குடுக்கறீங்கல்ல?"

ரோஸ்வித்தா அடிப்பிடித்த கறியை இறக்க உள்ளே போனாள். அன்றிரவு இங்கோல்ஃபிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கெட்டுப்போன சரக்கை முதலில் மூடி வைப்போம், பிறகு யோசிப்போம் என்பது அவள் வளர்ந்த வழக்கம். மறுநாள் ஒரு தார்ப்பாயை வாங்கிச் சுவரில் கட்டினாள். கட்டி முடித்ததும் தார்ப்பாயும் தெரியாமல் போனது. காற்றில் அது படபடப்பது மட்டும் கேட்டது. சுண்ணாம்பு அடித்தாள், வாளி காலியானதுதான் மிச்சம். பீர்ப் பெட்டிகளை அடுக்கினாள். அவற்றையும் காணாமல் இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள்.

அதற்குள் ஊர் நாற்காலி கொண்டுவந்துவிட்டது. வியாழக்கிழமை மாலையானால் மடக்கு நாற்காலியும் போர்வையுமாக ஜனங்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் பிளம்ஸ் கேக் விற்றார், வறுத்த தொத்திறைச்சி வண்டி ஒன்று வந்து நின்றது. பார்ப்பது அருவருப்பான காரியம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அருவருப்புக்கு முன்வரிசையில் இடம் பிடிக்கத்தான் போட்டி இருந்தது. "ஹைனிக்கேக்கு அந்தச் சட்டை இறுக்கமா இருக்கே." "சட்டை அதேதான், உள்ள இருக்கிற ஆளு பெருத்துட்டாரு." "பூகோள வாத்தியாரு காலுறையைப் பாரு, ரெண்டும் ரெண்டு கலர்." உள்ளே இருப்பவர்களிடம் விஷயத்தைச் சொல்ல மட்டும் எவரும் முன்வரவில்லை. மூடிய கதவைத் தட்டுவது மரியாதை இல்லை என்றார்கள். குழுவினர் முன்வாசல் வழியாக வந்து முன்வாசல் வழியாகப் போனார்கள். பக்கத்துத் தெருவில் இப்போதெல்லாம் ஏன் இவ்வளவு கூட்டம் என்று அவர்களும் யோசித்தார்கள், தேர்தல் ஆர்வம் என்று முடிவுகட்டினார்கள். வசந்தத்தில் மேயர் தேர்தல். 'நம் ஊர், சுத்தமான ஊர்' என்று ஹைனிக்கே எல்லா விளக்குக் கம்பத்திலும் சிரித்துக்கொண்டிருந்தார்.

போலீஸ்காரர் ஊடோ மெர்ட்டன்ஸ் ஒரு வியாழக்கிழமை வந்தார். கையுறையைக் கழற்றிச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"சுவரு இருக்கு."

"தெரியலையே சார்!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"தெரியலைன்னா இல்லன்னு ஆயிடுமா? கதவு பூட்டியிருக்கா, சுவரு இருக்கா, இதைத்தான் என்னைக் கேப்பாங்க. வெளியிலேர்ந்து தெரியுதான்னு எந்தப் படிவத்துலயும் கேள்வி இல்ல."

அரசு வக்கீலுக்கு எழுதினார். இது கட்டடத் துறை விவகாரம் என்று பதில் வந்தது. கட்டடத் துறையிலிருந்து ஆள் வந்து அளந்து, சுவர் விதிப்படி இருக்கிறது, கனமும் போதும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஒரு துண்டு கேக் சாப்பிட்டுப் போனார். அந்த ஆள் கிளம்பியதும் ஊடோ ரோஸ்வித்தாவைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "விடுதிக்காரங்களே கதவைத் திறந்து, எல்லாரும் உள்ள வாங்கன்னு கூப்பிட்டா அது பொதுவிடம். அப்ப நான் வராம இருக்க முடியாது."

"சாவி என்கிட்டதான் இருக்கு."

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட மட்டும் சொல்றேன்."

அன்று படுக்கப் போகுமுன் அவள் இங்கோல்ஃபிடம் கேட்டுவிட்டாள்.

"பீர் குடுக்கப் போறவன் பீர் குடுத்துட்டு வரணும். நீ எதுக்குக் கையைத் தூக்கின?"

அவன் எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. "எல்லாரும் தூக்கறப்போ நான் மட்டும் தட்டைப் புடிச்சிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? வாடிக்கைக்காரங்க, ரோஸி."

"மீன் பிடிக்கிற சங்கமும்தான் வாடிக்கை. அவங்க வந்தா நீ என்ன, புழுவையா முழுங்கற?"

"ஹைனிக்கே மேயரானா நகராட்சி விருந்தெல்லாம் நம்மளுக்குத்தான்னு சொல்லியிருக்காரு. கூரை ஒழுகுது, பாத்தியா? வாயால பேசிட்டுப் போறாங்க, விடு. யாரை என்ன பண்ணிட்டாங்க?"

கூரை ஒழுகியது நிஜம். அவள் விளக்கை அணைத்துவிட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை குழுவினர் கொடிக்குப் பக்கத்தில் ஊர் வரைபடம் ஒன்றை மாட்டினார்கள். ஹைனிக்கே ஏதோ பேசிக்கொண்டே அதில் சிவப்புக் குண்டூசி குத்த ஆரம்பித்தார். தெருவில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். ரயிலடியில் துருக்கிக்காரரின் கெபாப் கடை இருக்கும் இடத்தில் ஓர் ஊசி ஏறியது. சிரியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் குடியிருந்த பழைய பள்ளிக்கூடத்தின் மேல் சில ஊசிகள். கேக் தின்னும் சத்தம் குறைந்தது. பிறகு அவர் விரல் ஆற்றைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, இந்தத் தெருவுக்கு வந்து, விடுதிக்கு எதிர்ப்பக்கம் நின்றது. ஊசி கேட்டுப் பின்னால் கையை நீட்டினார். ஊசி டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தவன் இங்கோல்ஃப். அவன் ஓர் ஊசியை எடுத்தான். குத்தாமல் இருக்கவேண்டுமென்று கூர்முனையைத் தன் பக்கம் திருப்பிக் கொடுத்தான். விருந்தினர்களுக்குக் கத்தி கொடுக்கும் பழக்கம் அது.

தன் கடைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த துய், உள்ளே போய்த் தையல் மெஷினுக்கு உறை போட்டாள்.

"கிளம்பறீங்களா?" என்றாள் ரோஸ்வித்தா.

"இன்னைக்கு இல்ல. அவரு ஜெயிச்சா. ஊசி குத்துற வேலை எனக்கும் தெரியும், க்ளேபரம்மா. எந்த ஊசி எதுக்குன்னும் தெரியும்."

ரோஸ்வித்தா ஏப்ரன் பையில் கைவிட்டபடி விடுதிக்குள் போனாள். முன்வாசலை அகலத் திறந்து வைத்தாள். கூடத்தைக் கடந்து பின்னறைக் கதவின் பூட்டைத் திறந்து இரண்டு பக்கமும் தள்ளினாள். பிறகு தெருவைப் பார்த்து, மதிய உணவுக்குக் கூப்பிடும் குரலில், "எல்லாரும் உள்ள வாங்க! பின்னறையும் திறந்திருக்கு!" என்றாள். மடக்கு நாற்காலியைக் கையில் பிடித்தபடி ஊர் உள்ளே வந்தது. ஊடோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

பாட்டுக் குழு கொடியைப் பார்த்தபடி, கதவுக்கு முதுகைக் காட்டி, கையை நீட்டி நின்றுகொண்டிருந்தது. பிடரியில் குளிர்காற்று பட்டதும் ஹைனிக்கே திரும்பாமலே கேட்டார்:

"கதவு?"

"பூட்டியாச்சு!" என்றார்கள் எல்லாரும், அவர்கள் முதுகுக்குப் பின்னால் பாதி ஊர் நிற்கும்போது.

"இல்லைங்க. திறந்திருக்கு," என்றார் ஊடோ.

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. இங்கோல்ஃபின் கைதான் கடைசி. தெரியாமல் தூக்கியவனுக்கு எப்படி இறக்குவதென்றும் தெரியவில்லை. கூட்டத்தின் முன்வரிசையில் மனைவியையும் அவளுக்குப் பக்கத்தில் துய்யையும் பார்த்த பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

வழக்கு குளிர்காலம் முழுக்க நடந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் கதவைத் திறந்தது விடுதிக்காரியின் ஒப்பந்த மீறல் என்று ஹைனிக்கேயின் வக்கீல் வாதாடினார். நீதிபதி அதையும் பொறுமையாகக் குறித்துக்கொண்டு எல்லாருக்கும் அபராதம் போட்டார். ஹைனிக்கே கட்டிவிட்டுத் தேர்தலில் நின்றார். மயிரிழையில் தோற்றார். நாற்காலி போட்டுச் சிரித்தவர்களில் எத்தனை பேர் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது வாக்குச்சாவடித் திரைக்குப் பின்னால் நடந்த விஷயம். ஊரில் அந்தத் திரை ஒன்றுதான் ஒழுங்காக மறைத்தது. துய் மெஷின் உறையை எடுத்துவிட்டாள். மடித்துத் தூரத்தில் வைக்கவில்லை, கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள். கூரை இன்னும் ஒழுகுகிறது.

இங்கோல்ஃப் கெம்னிட்ஸ் நகரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய், பனி உருகும் சமயம் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தான். ரோஸ்வித்தா வாசலில் நின்று சொன்னாள்: "வா. ஆனா இனிமே உனக்குச் சாப்பாடும் வேலையும் பின்னறையில."

"தெருவுல போறவங்கல்லாம் பாப்பாங்களே."

"அதுக்குத்தான்."

அவன் துய்யிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கத் தெரியாதவன். ஒரு கால்சட்டையைக் கொண்டுபோய் ஓரம் அடிக்கக் கொடுத்தான். அவள் அதை முழுசாகப் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

பின்னறையில் அவன் உருளைக்கிழங்கு உரித்தான், கோப்பை துடைத்தான், தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் பக்கமிருந்து பார்த்தால் வெறும் மஞ்சள் பூச் சுவர். யார் பார்க்கிறார்கள், எப்போது பார்க்கிறார்கள் என்று தெரியாது. முதல் சில வாரம் கூட்டம் நின்றது. ஒருவன் கிழங்கு உரிப்பதை எவ்வளவு நேரம் பார்ப்பது என்று பிறகு கலைந்துவிட்டது. ரோஸ்வித்தா மட்டும் குப்பை கொட்டப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனாள்.

கோடைக்காக முன்னால் தள்ளிய கடிகாரத்தை நாடே பழையபடி திருப்பி வைக்கும் அக்டோபர் ஞாயிறு. தேவாலயத்திலிருந்து ஜனங்கள் திரும்பும் வேளை. பின்னறையில் தனியாக இருந்த இங்கோல்ஃப் எழுந்து, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, கால்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்று, வலது கையை நேராக மேலே நீட்டினான். தெரு அப்படியே நின்றது. மருந்துக்கடைக்காரர் தொப்பியைப் பாதி தூக்கிய நிலையில் நின்றார். துய் கடைவாசலில் துடைப்பத்தை நிறுத்தினாள். ரோஸ்வித்தா குப்பை வாளியைக் கீழே வைத்தாள். அவன் நீட்டிய கையால் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் தொட்டு, ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டு, திரும்பவும் உட்கார்ந்து கத்தியை எடுத்தான்.

மறுநாள் காலையில் ரோஸ்வித்தா ஆணியைப் பிடுங்கி, கடிகாரத்தை இடுப்பு உயரத்தில் மாட்டினாள். வால்கரோடாவில் இப்போது அந்த அறையில் மணி பார்க்கிறவர்கள் குனிந்துதான் பார்க்கிறார்கள்.