பழைய சோற்றுப் பானை

பாட்டிலில் அளவுக்குக் கோடு போட்டிருந்தது. ரோசம்மாள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முதல் கோட்டைக்கூடத் தொடவில்லை. காலையிலிருந்து புருசனுக்குப் போன மூத்திரம் அவ்வளவுதான்.

"எவ்வளவு போனாரு?" என்று நர்சம்மா கேட்டாள்.

"கொஞ்சந்தான்."

"நாலு பாட்டில் குளுகோஸ் உள்ள போயிருக்கு. வெளிய வரணுமில்ல?" ஐந்தாவதைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனாள்.

கட்டிலில் ஞானமுத்து மூச்சை இழுத்து இழுத்து விட்டான். ஓடைப்பட்டியில் திராட்சை வைக்கும் குளிர் அறையில் பெட்டி சுமக்கிறவன். உள்ளே போனால் விரல் மரத்துவிடும். வெளியே வந்தால் வெயில் பொசுக்கும். மதுவிலக்குக் காலம் என்றாலும், குளிருக்கு மேனேஜர் சண்முகராஜ் எங்கிருந்தாவது சாராயம் வரவழைத்துக் கொடுப்பார். முந்தாநாள் சாராயம் வரவில்லை. லோடு நின்றுவிடக் கூடாதென்று, குளிர் மெஷின் குழாயில் தண்ணீர் உறைந்துவிடாமலிருக்க ஊற்றும் திரவத்தை, நீல டிரம்மிலிருந்து ஒரு சொம்பு பிடித்துக் கொடுத்தார். இதுவும் ஆல்கஹால் இனம்தான் என்று மெஷினைப் பழுது பார்க்க வந்த கொச்சி மெக்கானிக் எப்போதோ சொல்லியிருந்தான்.

கூடப் பெட்டி சுமக்கும் சின்னக்கருப்பு ஒரு வாய் வைத்துத் துப்பினான். "சர்பத்தாட்டம் இனிக்கிது. இத எவன்டா குடிப்பான்?"

ஞானமுத்து சொம்பை முடித்தான்.

ராத்திரி முழுக்க வாந்தி. காலையில் மேனேஜரே ஜீப்பில் ஏற்றிவந்தார். ஆஸ்பத்திரி வாசலில் ரோசம்மாளைத் தனியே கூப்பிட்டார்.

"குடிச்சான்னு சொன்னா போலீசு வரும். பெறகு மாதா கோயில்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்ப? பழைய சோறு சேரல, வாந்தி பேதின்னு சொல்லு. நான் பாத்துக்கிறேன்."

டாக்டரிடம் அப்படியே சொன்னாள். உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று குளுகோஸ் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

இன்றைக்கு விடிந்தபோது அவன் முகம் வீங்கியிருந்தது. கணுக்காலை அமுக்கினாள், விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம்.

"ரோசு, இடுப்புல குத்துது. டாக்டருட்ட உள்ளதச் சொல்லிரு."

"பேசாமக் கெடங்க. அக்கம்பக்கத்துக் கட்டில்காரக கேக்குறாக."

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். மூத்திரப் பாட்டிலைப் பார்த்தார், வீக்கத்தைப் பார்த்தார்.

"இது பேதியாத் தெரியலம்மா. இன்னொரு தடவ கேக்குறேன். ஏதாவது குடிச்சாரா?"

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. கதவோரம் சண்முகராஜ், கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு நின்றிருந்தார்.

"அவுக தொடமாட்டாகய்யா. பழைய சோறுதான்."

ஞானமுத்து கண்ணை மூடிக்கொண்டான். மத்தியானம் மூச்சு நின்றது. காகிதத்தில் வாந்தி பேதி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் சுகாதாரத்துறை ஆட்கள் வந்தார்கள். தெருக் கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். வெறுங்குடத்தோடு திரும்பிய பக்கத்து வீட்டு அக்கம்மாள் ரோசம்மாள் வாசலில் நின்று சத்தமாகவே சொன்னாள்.

"உழைக்கிற மனுசனுக்குச் சுடுசோறு பொங்க வலிச்சிருக்கு மகராசிக்கு. இப்பத் தெருவே தண்ணியில்லாம நிக்கிது."

ரோசம்மாள் தலையைத் தூக்கவில்லை.

"அந்தச் சோத்துப் பானை எதும்மா?" என்று வந்த ஆட்களில் ஒருவர் கேட்டார்.

அவன் கடைசியாக வேலைக்குப் போன அன்று கோழி கூப்பிட எழுந்து, சுடுசோறு வடித்து, கருவாட்டுக் குழம்பும் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுத்தனுப்பியிருந்தாள். மூலையில் கவிழ்த்துவைத்திருந்த மண்பானையைக் கை காட்டினாள். அவர் அதை வாசலுக்குக் கொண்டுவந்து நிமிர்த்தி, வாய் நிறைய வெள்ளைப் பவுடரைக் கொட்டினார்.

குளிர் அறைக்கு லோடு ஏற்றப் போகிறவர்கள் அந்த வழியாக வந்தார்கள். அவள் வாசலைத் தாண்டும்போது பேதிக்குப் பயந்து ஒவ்வொருவராகத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியாக வந்த சின்னக்கருப்பும் பொத்திக்கொண்டான்.