அர்தேமியோவின் பதினாறாவது சீசன்

விடியுமுன்பே கூடைப்பந்து தரையில் அறையும் சத்தம் தகரக் கூரையை அதிரவைத்துக்கொண்டிருந்தது. கோட்டிலிருந்து கோட்டுக்கு ஓட்டம். குனிந்து தொடு, திரும்பு, மறுபடி ஓடு. எல்லோருடைய பனியனும் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், இந்த அணியை நடத்தும் டப்பா மீன் கம்பெனியில் மத்தி மீன் வேகும் வாடை. மூச்சை இழுத்தால் தொண்டை வரைக்கும் மீன். ஓட்டத்தில் கடைசியாக வந்தான் அர்தேமியோ பலிங்கித்.

முப்பத்தெட்டு வயது. மார்பில் மத்தி மீன் படம் போட்ட அதே பனியனோடு பதினாறாவது சீசன். ஒரு காலத்தில் மணிலாவில் அவன் படம் ஒட்டாத ஜீப்னி வண்டி கிடையாது. இன்றோ கட்டிலிலிருந்து இறங்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான். இது அவன் மனைவி லுஸ்விமிந்தாவுக்கு மட்டும் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன் செபு நகரிலிருந்து ஓர் அணி அவனைக் கூப்பிட்டது. ஒரு சீசன் ஆடு, பிறகு எங்களுக்குத் துணைக் கோச்சாக இரு என்றார்கள். ஆட்டக்காரன் மேலுள்ள உரிமை கம்பெனியுடையது. கம்பெனி கையெழுத்துப் போட்டு விடாமல் வேறு எந்த அணியும் அவனைத் தொட முடியாது. கம்பெனி போடவில்லை. "நீ எங்க வீட்டுப் பிள்ளைப்பா" என்று தோளில் தட்டிவிட்டு, பெஞ்சில் உட்காரவைத்தார் கம்பெனி மானேஜர் சிர்கோ.

"வீட்டுப் பிள்ளையா?" என்றாள் லுஸ்விமிந்தா. "கொடியில போட்டுட்டு எடுக்க மறந்த துணி மாதிரியில்ல உன்னைய வச்சிருக்காங்க!"

அன்றைய பயிற்சியின்போது மழை. கூரை வழக்கம்போல ஒழுகியது. சொல்லிச் சொல்லி அலுத்து, ஒழுகுமிடத்தில் வாளியை வைத்துத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். வாளிக்கு ஓரடி தள்ளி இன்னொரு புது ஓட்டை. வளையத்துக்கு எகிறிய வெண்டெல் அந்த ஈரத்தில்தான் இறங்கினான். பச்சை மூங்கிலை முறித்தாற்போல ஒரு சத்தம். அப்புறம் அவன் அலறல்.

அணியில் அதிகம் புள்ளி எடுப்பவன் வெண்டெல்தான். சாயங்காலம் அரையிறுதி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் பலாக்காய் போல வீங்கியது.

சிர்கோ குடையை மடக்கியபடி வந்தார். காலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "ஊசி போட்டா வலி தெரியாது. பஸ் வெளியில நிக்குது, ஏத்துங்க."

"ஆஸ்பத்திரிக்கா சார்?" என்றான் வெண்டெல்.

"ஆட்டத்துக்கு. ஆட மாட்டேன்னா ஒப்பந்தத்தை மீறினதா ஆயிடும். அப்புறம் எந்தக் கம்பெனிக்காரனும் உன்னை உள்ளே விடமாட்டான், தெரியுமில்ல?"

பிறகு அவர் அர்தேமியோவை நடைவழிக்குக் கூப்பிட்டார். குரல் குழைந்தது.

"நீ சொன்னா அவன் கேட்பான். அண்ணே அண்ணேன்னு உன் பின்னாடியே சுத்துறவனாச்சே. ஊசிக்கு ஒத்துக்க வை. நாளைக்கே செபுவுக்குக் கையெழுத்துப் போடறேன். இன்னும் அந்த இடம் காலியாத்தான் இருக்குதாம். போய் நிம்மதியா இரு."

 மூன்று வருஷமாக அர்தேமியோ எந்தக் கதவை முட்டிக்கொண்டிருந்தானோ, அந்தக் கதவு திறந்திருந்தது. வெண்டெலின் காலை மிதித்துக்கொண்டு அதில் நுழைய வேண்டும், அவ்வளவுதான். இதே கட்டடத்தில் தனக்குப் போட்ட முதல் ஊசி ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஜெயித்தார்கள். தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். மறுநாள் காலை அவனால் காலை மடக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கால் முழுதாக மடங்கவேயில்லை.

கோர்ட்டுக்குத் திரும்பினான். சிர்கோ பின்னாலேயே வந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்கப்பா," என்றான் அர்தேமியோ.  "வெண்டெலை ஊசிக்குச் சம்மதிக்க வச்சா என்னை செபுவுக்கு விட்டுடுறேன்னு சார் சொல்றாரு. எனக்குப் போகணும்னு ஆசைதான், பொய் சொல்லல. ஆனா இவன் காலை வித்துட்டுப் போகமாட்டேன்."

"வாயை மூடு! இனி ஜென்மத்துக்கும் அந்தக் கையெழுத்து கிடைக்காது உனக்கு!"

"தெரியும் சார்."

 மாற்று ஆட்டக்காரன் டியோஸ்தாதோ, இன்னும் ஒப்பந்தம்கூட நிரந்தரமாகாதவன், பையைக் கீழே போட்டு நடுவட்டத்தில் உட்கார்ந்தான். "வெண்டெல் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், கூரையை அடைங்க. அதுவரைக்கும் நான் பஸ்ல ஏறல."

"ஏறலைன்னா உன் இடத்துக்கு வெளியில நூறு பேர் நிக்கிறான்!"

"நிக்கட்டும் சார். அவனுங்களும் இந்த ஈரத்துலதானே குதிக்கணும்?"

யாரோ சிரித்துவிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். அர்தேமியோ வெண்டெலின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். நாளைக்குச் சோறு எங்கே என்ற பயம் இருந்தது. ஆனாலும் எழ மனமில்லை.

சிர்கோ தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். திட்டு வாங்குவது முகத்தில் தெரிந்தது. அதற்குள் சங்கு ஊதியது. ஷிப்டு முடிந்து, அணியை வழியனுப்ப வந்த மீன் பிரிவுப் பெண்கள் வாசலில் கூடினார்கள்.

"பஸ் ஏன் கிளம்பல?" என்றாள் முன்னால் நின்ற கிரெசென்சியா. டியோஸ்தாதோ நடந்ததைச் சொன்னான்.

அவள் சிர்கோவை ஏற இறங்கப் பார்த்தாள். "டப்பாவுக்கு மூடி அடிக்கிற மெஷின்ல எங்க நேனிதாவுக்கு விரல் போனப்பவும் இதே வாய்தான். துணியைச் சுத்திக்கிட்டு நில்லுன்னாரு. அவளும் நின்னா, பாவி மக."

ரப்பர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, செதில் ஒட்டிய கைகளை ஏப்ரனில் துடைத்தபடி அவள் கோர்ட்டுக்குள் வந்து அமர்ந்தாள். அவள் பின்னால் மற்றவர்கள்.

வெளியே பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். யாரும் சொல்லாமலே போய் இன்ஜினை அணைத்தார்.