தட்டில் முளைத்த கை

மகள் பிறந்ததிலிருந்து அவன் அவளை வெறுங்கையால் தொட்டதில்லை. சாக்கடைக் குழாய்களில் அடைப்பு எடுப்பது அவன் வேலை. பகலெல்லாம் தன் கை எங்கே இருந்தது என்று அவனுக்குத்தானே தெரியும். வீட்டுக்கு வந்ததும் கிருமிநாசினி சோப்பு, அதன்மேல் கிருமிநாசினி ஜெல், அதன்மேல் ரப்பர் கையுறை. அப்புறம்தான் தொட்டில் பக்கம் போவான். ரப்பரைக் கண்டதும் மகள் ஊரைக் கூட்டிவிடுவாள்.

அதே குழியில் அவனோடு இறங்குகிறவன் மச்சான், மனைவியின் அண்ணன். வருவான், சாதாரண சோப்பைப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவுவான், மருமகளை அள்ளிக்கொள்வான். அவள் மாமன் மூக்கைப் பிடித்து இழுத்துப் பொக்கை வாயால் சிரிப்பாள். பார்க்கிற இவனுக்கு வயிறு எரியும்.

“கையுறையோட வந்தா, ஊசி போட வந்த டாக்டர்னு நினைக்கிறா மாப்ள.”

“உனக்கென்ன மச்சான், ஏதாவது வந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடப்போறது நான்தானே.”

“இப்படியே போனா அவ என்னைத்தான் அப்பான்னு கூப்பிடுவா, பாத்துக்க.”

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மனைவிக்கு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பாக்டீரியாவை வளர்த்து, என்ன வகை என்று பார்ப்பது. “உங்க கையைப் பாருங்க, ஜெல் போட்டுப் போட்டுப் பாளம் பாளமா வெடிச்சிருக்கு. இந்த வெடிப்புதாங்க அதுங்களுக்கு வாசக்கதவு” என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. ஒரு நாள் மூடி போட்ட மூன்று தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். வட்டமாக, உள்ளங்கை அகலத்தில், உள்ளே கூழ் உறைந்தது போல ஒரு படலம். அவன் இடக்கையைச் சாதாரண சோப்பிலும் வலக்கையைக் கிருமிநாசினியிலும் கழுவவைத்து, விரல்நுனிகளைக் கைக்கொரு தட்டில் அழுத்தச் சொன்னாள். எது எந்தக் கை என்று பேனாவால் அடியில் குறித்தாள். மூன்றாவது யாருக்கு என்று சொல்லவில்லை. மச்சானுக்குத்தான் என்று அவனே முடிவுகட்டிக்கொண்டான். மாட்டட்டும்.

காலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். சாப்பாட்டு மேசையில், ஆஸ்பத்திரித் தட்டுகள், சும்மா கிடக்கின்றன. அவனுக்குப் பொறுக்குமா? ஜெல்லை எடுத்து மேலும் கீழும் பளிச்சென்று துடைத்துவைத்தான்.

அவள் வந்து தட்டைத் திருப்பிப் பார்த்தாள். பேனாக் குறி ஒன்றுகூட இல்லை.

“எழுத்தையும் விட்டுவைக்கலையா நீங்க?” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். “போகட்டும். முளைச்ச பிறகு அதுங்களே சொல்லும்.”

முளைத்ததும் அவனைப் பரிசோதனைக் கூடத்துக்கு வரச் சொன்னாள். ஒட்டி மூடிய தட்டுகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். முதல் இரண்டிலும் விரல் பட்ட இடங்களில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள்.

“இதுல ஜெல் போட்ட கை எது?”

அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்டுபிடிக்க முடியவில்லை.

“அவ்வளவுதாங்க வித்தியாசம். வீட்டுக்குச் சோப்பே போதும். கொல்லவே வேணாம், தண்ணியில வழிச்சு விட்டாப் போதும். இந்த வெள்ளையெல்லாம் பெரும்பாலும் தோல்லயே குடியிருக்கிறது. அது உக்காந்திருந்தா, வேண்டாதது வந்து உக்கார இடம் இருக்காது.”

அவன் காதில் விழவில்லை. மூன்றாவது தட்டைப் பார்த்துவிட்டான். வெள்ளை, மஞ்சள், பொடிப்பொடியாக இன்னொன்று, சந்தைக் கூட்டம்.

“சிக்கினான் உங்க அண்ணன்! இந்தக் கையாலதானே தூக்குறான்? ஒரு போட்டோ எடு, மூஞ்சிக்கு நேரா காட்டுறேன்.”

“நல்லாப் பாருங்க.”

பார்த்தான். அவனுடைய தட்டுகளில் நாலு விரல்நுனிதான் அடங்கியிருந்தது. இதில் ஒரு முழுக் கையே இருந்தது. ஐந்து விரலும், உள்ளங்கையும், மணிக்கட்டு மடிப்பு வரைக்கும்.

“நீங்க தூங்கினப்புறம் அழுத்தினேன்,” என்றாள். “நாள் பூரா வாயில வெச்சுச் சப்புற கை. தரை, தலையணை, மாமன் மூக்கு, எல்லாம் இதுல இருக்கு. அவளுக்கு என்ன ஆச்சு? நல்லாத்தானே இருக்கா?”

அவன் அந்தச் சின்னக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தட்டைக் கீழே வைக்கவில்லை.

அன்று மாலை வந்ததும் சாதாரண சோப்பில் கழுவினான், நகக்கண் வரைக்கும். ஜெல் இருக்கும் அலமாரிப் பக்கம் ஒரு முறை கண் போனது. திரும்பி வந்துவிட்டான். தூக்கியதும் மகள் உதட்டைப் பிதுக்கினாள். அழப்போகிறாள் என்று அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளோ வெடித்த கட்டைவிரலைப் பிடித்துப் புரட்டிப் பார்த்து, நேராக வாய்க்குள் விட்டுக்கொண்டாள். ஈறு அழுத்தி வலித்தது. எடுக்கவில்லை.

மச்சான் வந்து கை நீட்டினான். “குடு மாப்ள.”

“கையக் கழுவிட்டு வா.”

“கழுவிட்டுத்தான்யா வர்றேன்!”

“இன்னொரு தடவை கழுவு மச்சான். மெதுவா வா, அவசரமில்லை.”