கூரைக்கு ஏற மறுத்த நாலாம் நம்பர்

சவுனாவில் சண்டை போடக் கூடாது என்பது பின்லாந்து வழக்கம். அதனால்தான் பெர்த்தி அந்த வெந்நீராவி அறையைத் தேர்ந்தெடுத்திருந்தான், குள்ளநரி! அவன் கர்ஹுநியெமி ஐஸ் ஹாக்கி அணியின் மேலாளர். எதிரே அம்மணமாக வியர்த்துக்கொண்டிருந்த தார்மோ, இருபது வருடமாக அந்த அணிக்குத் தற்காப்பு ஆடியவன். பின்லாந்துக்கு உலகத் தங்கம் வாங்கித் தந்து, அதற்கு விலையாக முன்பற்களைக் கொடுத்தவன்.

"சனிக்கிழமை உன் சட்டையைக் கூரையில ஏத்துறோம். நாலாம் நம்பரை இனிமே ஒருத்தனும் போட முடியாது. எவ்ளோ பெரிய மரியாதை!" என்றான் பெர்த்தி.

"நானும் போட முடியாது. அதானே விஷயம்?"

"நாப்பது வயசுடா உனக்கு. உன் முட்டி கத்துறது என் ஆபீஸ் வரைக்கும் கேக்குது."

"இன்னும் ஒரே ஒரு வருஷம் குடு, பெர்த்தி."

"முடியாது. நல்ல சூட்டா போட்டுக்கிட்டு வா. ஊரே அழும்."

தார்மோ சுடுகல்லின் மேல் ஓர் அகப்பை தண்ணீரை ஊற்றினான். பிறகு இன்னொன்று. பொங்கிய ஆவி காதைச் சுட, பெர்த்தி அதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

சனிக்கிழமை எதிரே ஆட வருவது மால்மிலா அணி. பரம வைரிகள். தற்காப்புக்கு ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். தார்மோ வீட்டுக்குப் போனதும் அவர்களுக்கே போன் போட்டான்.

"ஊரு மூஞ்சியில காறித் துப்பும்" என்றாள் மனைவி ஒவுதி.

"தெரியும்."

"தாங்குவியா?"

"தெரியல. ஆனா உசுரோட இருக்கும்போதே என்னைத் தொங்க விடுறானுங்களே, அதைத் தாங்க முடியல."

விழாவுக்கென்று எடுத்து வைத்திருந்த சூட்டை அவள் திரும்ப அலமாரியில் மாட்டினாள்.

சனிக்கிழமை பனித்தளத்தில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். நாலாம் நம்பர் நீலச் சட்டை கயிற்றில் பாதி உயரம் ஏறியிருந்தது. ஒலிபெருக்கியில் தார்மோவின் பெயரைச் சொன்னதும் ஊர் எழுந்து நின்று கைதட்டியது. அவன் மால்மிலாவின் மஞ்சள் சட்டையில், காலில் ஸ்கேட்டோடு வந்தான்.

கைதட்டல் அப்படியே நின்றுபோனது. பெர்த்தியின் கையிலிருந்த மைக்கை தார்மோ வாங்கினான்.

"சட்டையை மாட்டிக்கோங்க, அது உங்க இஷ்டம். அதுக்குள்ள இருந்த ஆளு இன்னும் கீழதான் இருக்கான். ஆட வந்திருக்கான்."

ஆட்டம் தொடங்கியது. உள்ளூர் முன்னணி வீரன் ஓரமாகப் பாய்ந்து வந்தான். தார்மோ அவனைத் தோளால் தடுப்புச் சுவரோடு அறைந்தான். கண்ணாடி குலுங்கியது.

"துரோகி!"

"கிழட்டுப் பன்னி, வீட்டுக்குப் போடா!"

யாரோ தின்றுகொண்டிருந்த சாசேஜைக் கடுகுச் சாந்தோடு விட்டெறிந்தார்கள். இருபது வருடம் தன் பெயரைப் பாட்டாகப் பாடிய அதே வாய்கள். தார்மோவுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் கூரையில் தொங்குகிறவனை யார் இப்படி வாய் நிறையத் திட்டுவார்கள்? அவன் பொக்கை வாயைத் திறந்து சிரித்துவிட்டு, அடுத்து வருகிறவனை மறிக்கப் போனான்.