கரண்டிச் சத்தம்

டேரனின் மூக்கை உடைத்தது நான்தான். அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. போலீசிலும் சொன்னேன், ஊர்க் கவுன்சிலிலும் சொன்னேன், கவுன்சில்மேல் வரும் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பிய புகாரின் முதல் வரியே அதுதான். என் பெயர் டோரீன் ஆக்ராய்ட். யார்க்‌ஷயரில் எங்கள் ஊர்ச் சந்தையில் வெகுகாலம் கறிக்கடை நடத்தினவள். வாய் கொஞ்சம் நீளம், கை அதற்கும் முந்திக்கொள்ளும்.

என் தம்பி கிளிஃபர்ட் ஒரு காலத்தில் குத்துச்சண்டைக்காரன். அவனுடைய இடதுகைக் குத்தை வாங்கியவர்கள் மதுக்கடையில் இன்றும் தாடையைத் தடவிக்கொண்டுதான் அவனைப் பற்றிப் பேசுவார்கள். பக்கவாதம் வந்து அவனுடைய வலப்பக்கமும் பேச்சும் போயின. அப்போது எனக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. இப்படிப்பட்டவர்களுக்குப் பொறுப்பான கவுன்சில்காரர்கள் அவனை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். நான் எழுந்து நடமாடத் தொடங்கியதும் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று கேட்டேன். அங்கேயே சௌகரியமாக இருக்கிறார், மாற்ற வேண்டிய காரணம் எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

சௌகரியமாம். அவன் விலாவில் பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது. காதுமடல் வீங்கியிருந்தது. கேட்டால், கீழே விழுந்துவிட்டார் என்றார்கள்.

"விழறவன் காதாலயா விழுவான்?" என்று இல்லத்தின் மேலாளர் லோமாக்ஸிடம் கேட்டேன்.

"வயசானவங்க எப்படி விழுவாங்கன்னு சொல்ல முடியாதும்மா. நீங்க ரொம்பப் பதட்டப்படறீங்க" என்றார் அவர்.

ஒருநாள் காலை, பார்வையாளர் நேரத்துக்கு முன்பே போய்விட்டேன். கிளிஃபர்டின் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கோப்பையில் கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது. டிங்.

"எந்திரி சாம்பியன். மணி அடிச்சாச்சு. அடுத்த ரவுண்டு." அது டேரன் குரல். அவனுக்குத்தான் என் தம்பியைக் குளிப்பாட்டி உடை மாற்றுகிற வேலை.

எட்டிப் பார்த்தேன். கிளிஃபர்டை நாற்காலியோடு வாரால் கட்டி வைத்திருந்தான். டேரன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவன் விலாவில் ஓங்கிக் குத்தினான். என் தம்பிக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. வாயோரம் எச்சிலும் ரத்தமும் வழிந்தன. நல்ல கையால் தலையை மூடிக்கொண்டான்.

"என்ன சாம்பியன், தலையை மூடினா வயிறு தெரியுதே." மறுபடி ஒரு குத்து. அப்புறம் காதில் ஓர் அறை. கிளிஃபர்ட் கன்றுக்குட்டி மாதிரி அடித்தொண்டையில் கத்தினான். அந்தச் சத்தத்தைக் கேட்டு டேரன் சிரித்தான். மறுபடி கரண்டியைக் கையில் எடுத்தான்.

உள்ளே பாய்ந்தேன். மேசைமேல் நிறையத் தண்ணீரோடு ஓர் இரும்புக் கூஜா இருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி, அவன் திரும்பிய முகத்திலேயே இறக்கினேன். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குப் பழகிய சத்தம்தான். அவன் சுவரில் மோதிச் சரிந்தான். கிளிஃபர்டின் கஞ்சிக் கிண்ணத்தில் டேரனின் ரத்தம் சொட்டியது. இன்னொன்றும் போட்டிருப்பேன். ஆட்கள் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இது என் ரவுண்டுடா, நாயே" என்றேன். அதையும் மறைக்கவில்லை.

கிளிஃபர்டால் சாட்சி சொல்ல முடியாது. வேறு யாரும் பார்க்கவில்லை. டேரன், தான் கோப்பையை மேசையில் வைக்கும்போது நான் பைத்தியம் பிடித்தவள் போலப் பாய்ந்தேன் என்றான். போலீஸ் என்னை எச்சரித்து அனுப்பியது. அவன் வேலையை விட்டு எங்கோ போய்விட்டான். இல்லம் எனக்கு வாசலை அடைத்தது. ஊழியர்களின் பாதுகாப்புக்காக நான் உள்ளே வரக்கூடாதாம். எதிரே பேருந்து நிறுத்தத்தில் நின்று கிளிஃபர்டின் ஜன்னலைப் பார்த்துக் கையசைப்பேன். அவனுக்குத் தெரிந்ததோ என்னவோ.

குறைதீர்ப்பாளரிடம் நேராகப் போக முடியாது. முதலில் இல்லத்திடம், அப்புறம் கவுன்சிலிடம், அவர்கள் கைவிரித்த பிறகுதான் அவரிடம். அடித்தவனிடமே போய் அடித்தாயா என்று கேட்கிற முறை அது. வயிறு எரிய எரியக் கேட்டேன். குளிர்காலம் முழுக்க அதில் போயிற்று.

ஒருவழியாக முடிவு வந்தது. அதில் நான் மிஸ் எக்ஸ், என் தம்பி மிஸ்டர் ஒய். யார் பெயரும் வராமல் எழுதுவது அவர்கள் வழக்கம். காயங்கள் எப்படி வந்தன என்று தங்களால் சொல்ல இயலாது. ஆனால் அவற்றைப் பற்றி விசாரிக்காதது கவுன்சிலின் தவறு. என்னை உள்ளே விடாதது இல்லத்தின் தவறு. இரு தரப்பும் மிஸ் எக்ஸிடமும் மிஸ்டர் ஒய்யிடமும் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் எங்கே வாழ்வது என்பதைக் கவுன்சில் மறுபடி ஆராய வேண்டும். கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில்தான் என் தம்பி வீட்டுக்கு வருவதும் வராததும் இருந்தது.

மன்னிப்புக் கூட்டம் இல்லத்தின் முன்கூடத்தில் நடந்தது. கவுன்சிலிலிருந்து பிக்கர்ஸ்கில் என்ற அதிகாரி அம்மா வந்திருந்தார். கிளிஃபர்டைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். பாதியாக இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் இடது கையை நீட்டினான். பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் தேநீர் இல்லாமல் சாவு வீட்டில்கூடப் பேச்சு எடுக்க மாட்டார்கள். தேநீர்த் தட்டு வந்தது.

"நடந்ததுக்கு மனசார வருந்தறோம்" என்றார் லோமாக்ஸ். சர்க்கரை போட்டுக் கலக்கினார். கரண்டி கோப்பையில் பட்டது. டிங்.

கிளிஃபர்டின் கை என் பிடியிலிருந்து பறந்தது. தலையை மூடிக்கொண்டு நாற்காலிக்குள் சுருண்டான். அடித்தொண்டையில் அதே சத்தம். கால்சட்டை நனைந்து தரையில் சொட்டியது.

பிக்கர்ஸ்கில்லின் கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது. "இவருக்கு என்ன ஆச்சு?"

"மணி அடிச்சிருச்சுன்னு நினைக்கிறான்" என்றேன். "நான் உங்ககிட்டச் சொன்னேனே. பதட்டத்துல பேசறேன்னு எழுதி வச்சீங்க."

"தற்செயலா நடந்ததுங்க" என்றார் லோமாக்ஸ். "பாருங்க, இப்ப ஒண்ணும் ஆகாது." பாவி, மறுபடி தட்டினார். டிங்.

கிளிஃபர்ட் தன் நல்ல கையைத் தானே கடித்துக்கொண்டான். ரத்தம் வந்தது.

நான் எழுந்து லோமாக்ஸின் மணிக்கட்டைப் பிடித்தேன். எலும்பு வெட்டின கை இது. முறுக்கினால் முறியும். அவர் முகம் வெளுத்தது. முறித்திருப்பேன், ஆனால் இன்னொரு தடவை வாசலை அடைத்துவிட்டால் கிளிஃபர்ட் இங்கேயே சாவான். பற்களைக் கடித்துக்கொண்டு அந்தக் கையைத் தட்டின்மேல் அழுத்தியபடி நின்றேன்.

"கரண்டியைக் கீழ வைங்க, மிஸ்டர் லோமாக்ஸ்" என்றார் பிக்கர்ஸ்கில். என்னிடம் திரும்பினார். "உங்க வீட்ல கீழ்த்தளத்துல படுக்கை போட இடம் இருக்கா?"

"கூடத்துலயே போட்டு வச்சிருக்கேன்."

"இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. உதவிக்கு ஆள் நான் அனுப்பறேன்."

மறுநாள் காலை ஜன்னலோரம் வெயிலில் அவனை உட்காரவைத்தேன். நிம்மதியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் வெகுநாள் கழித்து மனசு லேசாக இருந்தது. சமையலறையில் பாட்டுகூட முணுமுணுத்தேன். தேநீர் போட்டு, சர்க்கரையைப் போட்டுக் கலக்கினேன்.

கூடத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். தலையை மூடிக்கொண்டிருந்தான். நான் வரும் காலடி கேட்டதும் இன்னும் குனிந்தான்.

வீட்டிலிருந்த கரண்டிகளை எல்லாம் அள்ளிக் குப்பையில் கொட்டினேன். அப்புறம் அவன் காலடியில் தரையில் உட்கார்ந்து, கை இறங்கும்வரை காத்திருந்தேன்.